நெஞ்சு அசையாத எட்டு நிமிடங்கள்

கோத்தகிரியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மலைப்பாதை விபத்தில் தலையில் அடிபட்ட அவருடைய தம்பிக்கு மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்களாம். "நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கை கதகதப்பாக இருந்தது. அப்படியிருக்க, உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் எப்படி ஐயா மனம் வரும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

இதயம் தானாகவே துடிக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கு வேண்டிய ஆக்சிஜனை வென்டிலேட்டர் தந்துகொண்டிருக்கும். மூளைச்சாவை, அதாவது மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதை, 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் பாய்ச்சியும், காதில் பனிக்கட்டி நீர் செலுத்தியும், தொண்டையைத் தூண்டியும் எந்த எதிர்வினையும் இல்லாதபோதுதான் கடைசிச் சோதனைக்கு, தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் மூச்சின்மைச் சோதனைக்கு, வருவார்கள்.

மூச்சை அடக்கும்போது நமக்கு ஏற்படும் தவிப்புக்கு முதற்காரணம் ஆக்சிஜன் குறைவதன்று, கார்பன் டை ஆக்சைடு கூடுவதே. அது இரத்தத்திலிருந்து மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள் ஊடுருவி, நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்த மிகச் சிறிய புளிப்பை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியாகிய முகுளத்திலுள்ள நரம்பணுக்கள் உணர்ந்து, மூச்சை இழுக்கும்படி உதரவிதானத்துக்கு ஆணையிடுகின்றன. உயிரின் கடைசிக் காவலாளி இந்த முகுளம்தான். ஆகவே நோயாளிக்கு முதலில் முழு ஆக்சிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் விட்டுக்கொண்டு, போர்வையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள். சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 வீதம் ஏறி, ஏழெட்டு நிமிடங்களில் 60ஐத் தாண்டும். முகுளத்தில் சிறிதளவு உயிர் இருந்தாலும் அந்த அளவில் நெஞ்சு விம்மியே தீரும். ஒரே ஒரு மூச்சு வந்தாலும் அது மூளைச்சாவு அன்று. வென்டிலேட்டரை உடனே பொருத்திச் சிகிச்சையைத் தொடர்வார்கள்.

நீலகிரியில் இதற்குத் தனிக் கவனம் தேவை. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்து 760க்குப் பதில் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர்தான் என்பதால், முழு ஆக்சிஜன் கொடுத்தாலும் நுரையீரலில் தேங்கும் இருப்பு குறைவு. மூளை செயலிழந்த உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளாது. மார்கழி இரவில் அது விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ச்சியே எதிர்வினைகளை மங்கச் செய்துவிடுமாதலால், உடலை வெதுவெதுப்பாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் இரவுப் பணியிலுள்ள செவிலியரே.

2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்த பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற குடும்பங்களுக்கு விளக்க ஆள் வேண்டும். ஸ்பெயின் நாடு 1989இல் தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களையே உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்றுவித்தது. 10 லட்சம் பேருக்கு 14ஆக இருந்த அங்கு இறந்தபின் உறுப்பளிக்கும் கொடையாளர் எண்ணிக்கை பின்னர் 40ஐத் தாண்டியது. இந்தியாவில் அது இன்னும் ஒன்றைக்கூட எட்டவில்லை. உறுப்பு தானம் செய்தவர் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பார் என்ற மூடநம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, அதைக் களையத்தான் வேண்டும். ஆனால் குடும்பங்கள் மறுப்பதற்கெல்லாம் அதையே காரணமாக்குவது மருத்துவமனைகளின் குறையை மறைத்துவிடுகிறது. விழிப்புணர்வுப் பதாகைகளுக்குச் செலவிடும் பணத்தை மலை மருத்துவமனைச் செவிலியர்களின் பயிற்சிக்குச் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பயிற்சி பெற்றவர்கள் இறப்புச் செய்தியையும் தானம் குறித்த கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள். முதலாவதைக் குடும்பம் உள்வாங்கக் காத்திருப்பார்கள். "உயிர்காக்கும் கருவியில் இருக்கிறார்" என்ற குழப்பும் சொற்களைத் தவிர்ப்பார்கள். விரும்பும் உறவினரைச் சோதனையின்போது உடன் நிற்க விடுவார்கள். அவ்வாறு நின்றவர்கள் மூளைச்சாவைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள் என்றும், அதனால் அவர்கள் மனம் கூடுதலாகப் பாதிக்கப்படவில்லை என்றும் அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அம்மா, நீங்கள் கையெழுத்திடாததில் தவறேதும் இல்லை. உங்கள் தம்பியின் கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டு, போர்வையை விலக்கி, அந்த எட்டு நிமிடங்களையும் யாராவது உங்களோடு அமர்ந்து பார்த்திருக்க வேண்டும்.