புதிய நுண்செயலிக்கு மாறுமுன் பழைய சாவியைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு ஒரு தோட்டக் கிராணி புத்தம்புதிய மடிக்கணினியோடு வந்தார். சம்பளக் கணக்கை வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று சொந்தப் பணத்தில் வாங்கியது அது. சூடேறுவதில்லை, காலையில் மின்னேற்றினால் மாலைவரை தாங்குகிறது. ஆனால் அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சம்பள நிரல் மட்டும், உரிமச் சாவி இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிரலை உரிமத்தோடு வாங்கியதற்குச் சான்றாக யூஎஸ்பி துளையில் செருக வேண்டிய அந்தச் சிறிய சாவியோ செருகியபடியேதான் இருந்தது.

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. இன்டெல், ஏஎம்டி நுண்செயலிகள் எக்ஸ்86 என்னும் வகைக் கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. இவர் வாங்கியதோ வேறு வகைக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதில் இயங்கும் விண்டோஸ் 11, பழைய நிரலின் கட்டளைகளை அவ்வப்போதே மொழிபெயர்த்துக் கொடுப்பதால், பெரும்பாலான நிரல்கள் வேகம் சற்றுக் குறைந்தாலும் ஓடிவிடுகின்றன. ஆனால் கணினியோடு இணைக்கும் கருவிகளை இயக்க, இயங்குதளத்தின் உட்கருவில் அமர்ந்து வேலை செய்யும் டிரைவர் என்னும் சிறு நிரல்களுக்கு அந்த மொழிபெயர்ப்புச் சலுகை கிடையாது. அவை ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாவியைத் தயாரித்தவர் அப்படியொரு டிரைவரை வெளியிடவில்லை. பழைய அச்சு இயந்திரம், ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

நுண்செயலி மாற்றம் இது முதன்முறையல்ல. 2003இல் ஏஎம்டி, ஒரே நேரத்தில் அதிகத் தரவைக் கையாளும் 64 பிட் நுண்செயலியைக் கொண்டுவந்தபோது 32 பிட் நிரல்களும் அதே சில்லில் ஓடியதால் மாற்றம் அவ்வளவாக வலிக்கவில்லை. ஆயினும் 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைக் கைவிட்டது. ஆப்பிள் 2020இல் எம்1 சில்லுக்கு மாறியபோது சில்லு, இயங்குதளம் இரண்டும் ஒரே கையில் இருந்ததால் ரொசெட்டா 2 மொழிபெயர்ப்பியோடு பெருமளவு எளிதாகக் கடந்துவிட்டது. விண்டோஸ் உலகில் டிரைவர் எழுதுவோர் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்ததால் கணினி மாற்ற வருவோர் பலர். இடி மழையில் மின்சாரம் போகும் ஊரில், மின்னேற்றம் நெடுநேரம் தாங்குவதால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆர்ம் கணினியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அவற்றில் பலவற்றின் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி கேளுங்கள். (நினைவகம் கூட்டும் வேலை வராததால் என் கடை வருமானத்துக்கு நட்டந்தான்.)

சம்பள நிரல் ஓடும் பழைய மேசைக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி கிராணியிடம் சொன்னேன். புதியது இப்போது அவர் மகளோடு தஞ்சோங் மாலிமில் இருக்கிறது.