மறதிக்கு ஒரு மாத்திரை, அதை முறியடிக்க இன்னொன்று

"மூளை சுருங்கியிருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு டாக்டர்." அல்சைமர் என்ற மறதி நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சுருங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அது கடைசியில் நடப்பது. நரம்புச் செல்கள் சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி போவது தடுமாற ஆரம்பித்துவிடுகிறது. இது குடும்பத்தாருக்குப் புரிந்துவிட்டால், கொடுக்கக் கூடாத பல மாத்திரைகள் வீட்டுக்குள் வராது.

நரம்புச் செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும்போது அமிலாய்டு பீட்டா என்ற துண்டு பிறக்கிறது. இது எல்லோர் மூளையிலும் நடப்பதுதான். சரியாக அகற்றப்படாதபோது அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துச்சொன்ன திட்டுகள் இவை முற்றிய நிலை. அந்தத் திட்டுகளைவிட, கரைந்து மிதக்கும் சிறு கொத்துகளே அதிகம் தொல்லை தருகின்றன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. செல்கள் சந்திக்கும் இடத்தில் அவை குளுட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் குழப்புகின்றன, செல்லுக்குள் கால்சியத்தின் அளவு தவறிப்போகிறது. புது நினைவு பதிய வேண்டுமென்றால் அந்தச் சந்திப்பு வலுப்பட வேண்டும், அது நடப்பதில்லை. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

செல்லுக்கு உள்ளேயும் குழப்பம்தான். கைனேஸ் என்ற நொதிகளின் வேலை, மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டுவது. செல்லுக்குள் கட்டளைகள் இப்படித்தான் போகின்றன. அல்சைமரில் சில கைனேஸ்கள் வரம்பு மீறி வேலை செய்து, டவ் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை அள்ளி ஒட்டிவிடுகின்றன. தண்டவாளத்துக்குக் கட்டை எப்படியோ, செல்லின் உள்போக்குவரத்துக்கு டவ் அப்படி. பாஸ்பேட் ஏறிய டவ் கழன்றுபோய்ச் சிக்கலாகச் சுருண்டுகொள்கிறது. டவ்வின் 217ஆவது இடத்தில் ஒட்டிய பாஸ்பேட்டை இப்போது ரத்தத்திலேயே அளக்க முடிகிறது. அதை அடிப்படையாகக் கொண்ட ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறதி தெரிகிறவர்களுக்கான சோதனை அது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் பயத்தில் எடுத்துப் பார்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். நினைவுக்கும் கவனத்துக்கும் அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருள் ரொம்ப முக்கியம். அல்சைமரில் அதைச் சுரக்கும் செல்கள் சீக்கிரமே நலிந்துபோகின்றன. நாங்கள் எழுதிக்கொடுக்கும் டோனெபெசில், இருக்கிற கொஞ்ச அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. நோய் குணமாகாது, செய்தி கொஞ்ச காலம் ஓரளவு தெளிவாகப் போகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச காலமும் ஒரு குடும்பத்துக்குப் பெரிது.

"எல்லா மாத்திரையையும் கொண்டுவாங்க" என்று சொன்னால் பையைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். டோனெபெசில் அட்டை இருக்கும். பக்கத்திலேயே ஆக்ஸிபியூட்டினின். "அம்மாவுக்கு அடிக்கடி யூரின் வருதுன்னு வேற டாக்டர்கிட்ட காட்டினோம்" என்பார் மகள். எப்போதிருந்து என்று கேட்டால், மறதி மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் என்று தெரியவரும். அவசரமாகச் சிறுநீர் வருவது டோனெபெசிலின் பக்கவிளைவாக இருக்கலாம். அதை அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் எந்த அசிட்டைல்கோலினை நாங்கள் கூட்டப் பார்க்கிறோமோ அதன் ஏற்பியையே அடைக்கிறது. அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை: உள்ளே குளோர்பெனிரமைன். அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலின், வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின், கைநடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. வாய் வறட்சி, மலச்சிக்கல், ராத்திரியில் இடம் தெரியாத குழப்பம் ஆகியவை கூடினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இவை எதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாற்று வழி பெரும்பாலும் உண்டு. சிறுநீர்ப் பிரச்சினைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போவதே பலருக்குப் போதும். போதாதவர்களுக்கு மிராபெக்ரான் வேறு ஏற்பி வழியாக வேலை செய்கிறது. ஒவ்வாமைக்கு ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. ராத்திரி போடும் டோனெபெசிலால் கெட்ட கனவு வந்தால், தூக்க மாத்திரை தேடாமல், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

அமிலாய்டை அகற்றும் லெகானமாப் ஊசியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் அது சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. ஆரம்ப நிலைக்கு மட்டுமே பொருந்தும். மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவை.

டோனெபெசில் சாப்பிடுகிறவர் தலைசுற்றுகிறது என்றாலோ தடுமாறி விழுந்தாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்த மாத்திரை இதயத் துடிப்பையும் குறைக்கும். நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மயங்கி விழுந்திருந்தால் எண்ணிக்கைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.