மகரந்தமா? முதலில் துளையை எண்ணுங்கள்

நுண்ணோக்கியில் எடுத்த மகரந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், முள்ளு இருக்கு, செம்பருத்தி குடும்பம்தானே?" என்று கேட்கும் மாணவர்கள் ஏராளம். சூரியகாந்தி மகரந்தத்திலும்தான் முள் இருக்கிறது. இரண்டும் நெருங்கிய சொந்தமே இல்லை. பூச்சி, பறவை மேல் ஒட்டிக்கொண்டு பயணிக்கிற மகரந்தத்துக்கு முள் வசதியானது, அதனால் பல குடும்பங்களில் தனித்தனியாக அது வந்திருக்கிறது. ஆகவே முள்ளை அப்புறம் பார்க்கலாம், முதலில் துளைகளைப் பாருங்கள், அதாவது மகரந்தக் குழாய் வெளியே வருவதற்கான மெல்லிய இடங்களை. செம்பருத்தியின் துகள் 100 மைக்ரானைத் தாண்டும் பெரிய உருண்டை, அதன் மேலெல்லாம் துளைகள் சிதறிக் கிடக்கும். சூரியகாந்தியில் மூன்றே மூன்று, ஒவ்வொன்றும் நீளப் பள்ளத்துக்குள்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்குத் தாமரையைச் சொல்வேன். அல்லியைப் போலவே குளத்தில் வளர்கிறது, வட்ட இலை, அடுக்கடுக்கான இதழ். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை அல்லிப் பேரினத்திலேயே சேர்த்து நிம்ஃபேயா நெலும்போ என்று பெயர் வைத்தார், நம் மாணவர்கள் படிக்கும் பெந்தம்-ஹூக்கர் வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். மகரந்தத்தை வைத்துப் பாருங்கள்: அல்லியில் துகளைச் சுற்றி வளையம் போல ஓடும் ஒரே திறப்பு, தாமரையில் மூன்று பள்ளங்கள். மூன்று பள்ளமும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் இருவித்திலைத் தாவரங்களில் ஒரு பெரும் கிளைக்கே உரியவை, அல்லியோ அந்தக் கிளை உருவாவதற்கு முன்பே பிரிந்துபோன பழைய பரம்பரை. 1990-களில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது தாமரைக்குப் பக்கத்தில் வந்து நின்றவை பிளேன் மரமும் (காஷ்மீரின் சினார் இந்த வகைதான்) மெக்கடேமியா கொட்டை மரத்தின் குடும்பமும், அதாவது குளத்தில் அல்ல, தரையில் வளர்கிறவை!

சரி, செய்முறைக்கு வருவோம். காய்ந்த துகளும் நனைந்த துகளும் வடிவத்தில் வேறுபடும், எனவே ஒப்பிடும் எல்லாவற்றையும் ஒரே முறையில் தயாரியுங்கள். சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லி போதும், துளை தெரிந்துவிடும். வெளியுறையின் நுண்வேலைப்பாடு வேண்டுமென்றால்தான் மகரந்த ஆய்வாளர் எர்ட்மனின் அசிட்டாலிசிஸ் என்ற அமில முறை: 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 1 பங்கு அடர் கந்தக அமிலம். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்துபோகும், ஸ்போரோபொலெனினால் ஆன வெளியுறை மட்டும் அசையாமல் நிற்கும். அந்தக் கலவையில் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும், புகைபோக்கி அறை (ஃப்யூம் ஹூட்) இல்லாத இடத்தில் தயவுசெய்து தொடாதீர்கள்.

புற்களில் மட்டும் இந்த வித்தை எடுபடாது. நெல், சோளம், அருகு எல்லாமே வழுவழுப்பான உருண்டை, விளிம்பு தடித்த ஒற்றைத் துளை. சாதாரண நுண்ணோக்கியில் "புல் குடும்பம்" என்று எழுதிவிட்டு, எந்த இனம் என்று அறியப் பூங்கொத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.