சொல் விளக்கம்: ஸ்பீட்வே

ஸ்பீட்வே என்றதும் நம்மில் பலருக்கு அமெரிக்காவின் கார்ப் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அதே சொல்லைச் சொன்னால் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஸ்பீட்வே என்பது மோட்டார் சைக்கிள். நான்கு வீரர்கள், நான்கு சுற்று, இடஞ்சுழியாக ஓட்டம். 500 சிசி வண்டி, எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையவே கிடையாது. ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி 15 ஓட்டங்கள் சேர்ந்தால் ஒரு மாலை ஆட்டம். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. இவ்வளவுதான் விதி.

நான் இதை முதன்முதலில் பார்த்தது 1998இல், இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊருக்கு வெளியே உள்ள ஃபாக்ஸ்ஹால் திடலில். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கூட்டிப்போனார். "வெள்ளைச் சட்டை வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஏன் என்று வளைவின் ஓரத்தில் போய் நின்றபோதுதான் புரிந்தது. நான்கு வண்டிகளும் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டு வர, ஈரமான செம்மண் பொடி சரமாரியாக முகத்திலும் கையிலிருந்த தாளிலும் வந்து அறைந்தது. அந்தத் தாளில் ஒவ்வோர் ஓட்டத்தின் புள்ளிகளையும் பேனாவால் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். முதல் பக்கமே மண்கறையாகிவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு இப்ஸ்விச் அணியில் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனும் போலந்தின் தோமாஷ் கோல்லோபும் இருந்தார்கள். லீக் பட்டமும் அந்த அணிக்கே. சாதாரண வார நாள் இரவில், கைக்கெட்டும் தூரத்தில், உலகின் தலைசிறந்த வீரர்கள் வளைவில் சாய்வதைப் பார்த்தவன் நான். அந்த நாளிலிருந்து விடவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் 'ஸ்பீட்', 'வே' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது இது. ஸ்பீட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வேகம் முதற்பொருள் அல்ல. வெற்றி, செழிப்பு, நல்வாய்ப்பு என்பவையே முதற்பொருள். பயணம் போகிறவரை நல்லபடியாகப் போய் வரச்சொல்லி வாழ்த்தும் 'காட்ஸ்பீட்' என்ற பழைய ஆங்கில வாழ்த்தில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகம் என்ற பொருள் பிறகு மேலேறி, மற்றதை மறைத்துவிட்டது. 'வே' என்பது வழி. இதன் மூலவேர் இந்தோ ஐரோப்பிய மொழிகளில் சுமந்து செல்வது, வண்டியில் செல்வது என்ற பொருளுடையது. சமஸ்கிருதத்தின் 'வாகனம்' அதே வேரில் பிறந்தது. நாம் தினமும் சொல்லும் வாகனமும் ஆங்கிலத்தின் 'வே'யும் ஒன்றுவிட்ட உறவு என்று முதலில் அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ('வேகம்' என்பதில் உள்ள 'வே'வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்துப்போவதால் சிலர் முடிச்சுப் போடக்கூடும்.)

இரண்டும் சேர்ந்த சொல் அமெரிக்காவில் குதிரைகளோடு புழங்கியது. நியூயார்க்கில் ஹார்லெம் ஆற்றங்கரையில் குதிரை வண்டிகளை விரட்டி ஓட்டுவதற்கென்றே 1898இல் திறந்த சாலைக்கு ஸ்பீட்வே என்று பெயர். 1909இல் இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத் திடலும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. ஆக அமெரிக்காவில் அது இன்றுவரை இடத்தின் பெயர். விளையாட்டின் பெயராக அது வேர்விட்டது வேறு பாதையில்.

ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்ட் ஊரில், விவசாயக் கண்காட்சித் திடலில், 1923 டிசம்பர் 15ஆம் தேதி இரவு மின்விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார் ஜானி ஹாஸ்கின்ஸ். இந்த விளையாட்டின் பிறந்தநாளாகப் பெரும்பாலோர் சுட்டுவது அதைத்தான். உரிமை கொண்டாடும் வேறு ஊர்களும் உண்டு. பிரிட்டனில் இதற்கு முன் சில முயற்சிகள் நடந்திருந்தாலும், ரசிகர்கள் தொடக்கமாகக் கொண்டாடுவது 1928 பிப்ரவரி 19ஆம் தேதியை. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுவிடுதியின் பின்புறம் நடந்த ஓட்டம் அது. 30,000 பேர் வரை திரண்டார்கள் என்று சொல்வார்கள். ஓடுபாதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே கயிறு மட்டும்தான்.

அப்போது பிரிட்டனில் இதன் பெயர் ஸ்பீட்வே அல்ல, 'டர்ட் டிராக்'. அதாவது மண்பாதை. 1929இல் வட இங்கிலாந்தில் தொடங்கிய லீக்கின் பெயரே இங்கிலீஷ் டர்ட் டிராக் லீக்தான். சில ஆண்டுகளிலேயே ஸ்பீட்வே என்ற பெயர் அதை ஓரங்கட்டிவிட்டது. 'டர்ட்' என்பதற்கு ஆங்கிலத்தில் அழுக்கு என்ற பொருளும் இருப்பதால், டிக்கெட் விற்கிறவர்களுக்குப் புதுப்பெயர் வசதியாகப் பட்டிருக்கும் என்பது என் ஊகம். மண் போய் வேகம் வந்தது. எனக்குப் பழைய பெயர்தான் பிடிக்கும். அதில் பொய் இல்லை.

ஐரோப்பாவில் சில மொழிகள் இந்தப் புதுப்பெயருக்கு மயங்கவில்லை. போலந்துக்காரர்கள் இன்றும் 'ஜூஜெல்' என்கிறார்கள். உலையில் எரிந்து மிஞ்சும் கசடு என்று பொருள். நம் ஊர்க் கொல்லுப் பட்டறையில் சிட்டம் என்பார்களே, அதற்கு நெருக்கமானது. பழைய ஓடுபாதைகளில் அந்தக் கரிக்கசடைத்தான் கொட்டி நிரவினார்கள். அந்தக் கறுப்பை வைத்து 'கறுப்பு விளையாட்டு' என்றும் அங்கே செல்லப்பெயர் உண்டு. ஹங்கேரியிலும் கசடு என்ற சொல்லோடு மோட்டாரைச் சேர்த்துத்தான் பெயர். செக் மொழியிலோ 'தட்டையான தடம்'. யாருமே வேகத்தைப் பெயரில் வைக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இப்போது தமிழுக்கு. 'வேகவழி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் படிப்பவர் விரைவுச்சாலை என்று நினைத்துக்கொள்வார். 'விரைவுத்தடம்' என்றால் ரயில்வேயில் ஏதோ புதுத் திட்டம் என்று தோன்றும். 'புழுதிப் பந்தயம்' நன்றாகத்தான் ஒலிக்கிறது, நானும் சில காலம் அதைப் புழங்கிப் பார்த்தேன். ஆனால் இந்த விளையாட்டில் புழுதி என்பது குற்றச்சாட்டு. தரை காய்ந்து புழுதி கிளம்பினால் பின்னால் வருபவருக்குக் கண் தெரியாது, முந்த வழியிருக்காது, ரசிகர்கள் கத்துவார்கள். ஒரு விளையாட்டுக்கு அதன் நோயின் பெயரை வைக்கக்கூடாது.

என் பரிந்துரை 'மண்தடப் பந்தயம்'. மண்ணும் இருக்கிறது, தடமும் இருக்கிறது. புதிதாகக் கேட்பவருக்கும் பாதி விளங்கிவிடும். தேவைப்பட்டால் முன்னால் 'பைக்' சேர்த்துக்கொள்ளலாம். லீக், அணி, திடல் ஆகியவற்றின் பெயர்களில் வரும்போது ஸ்பீட்வே என்றே எழுதிவிடலாம். அவை பெயர்கள், அவற்றை மாற்ற வேண்டியதில்லை.

மண் என்ற சொல்லை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஓடுபாதையின் மேற்பரப்பை ஷேல் என்பார்கள். ஷேல் வாயு பற்றிய சர்ச்சையால் காவிரிப்படுகைக்காரர்களுக்கு அந்தச் சொல் பழக்கமானதுதான். களிப்பாறை என்று பாடநூல்களில் இருக்கும். அது பொடிந்த சரளையும் பொடியுமாகப் பாதை முழுக்கப் பரவியிருக்கும். வளைவில் வீரர் இடது காலைத் தரையில் ஊன்றுவார். அந்தக் காலில் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கும். வண்டி இடப்பக்கம் திரும்பும், ஆனால் ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருக்கும். பின்சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே வழுக்கும். பிரேக் இல்லாத வண்டிக்கு அந்த மண்தான் பிரேக். அதே மண்தான் உந்துதலும்.

அதனால் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் உள்ளே வரும். வெளிவிளிம்புக்கு ஒதுங்கிய மண்ணை உள்ளே இழுத்து நிரவும். வயலில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புதிய காட்சியே அல்ல. தண்ணீர் தெளிப்பதிலும் அதே கணக்கு. கூடினால் சேறு, குறைந்தால் புழுதி, பதம் அமைந்தால்தான் ஆட்டம். பதம் என்ற சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒற்றைச் சொல் இல்லை. நம்மிடம் இருக்கிறது. அதையும் தயங்காமல் பயன்படுத்தலாம்: "இன்றைக்குத் தடம் பதமாக இருக்கிறது."

பிரிட்டனில் இந்த விளையாட்டு இன்று இருக்கும் நிலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை, தடம்தான் பறிபோகிறது. 1965இல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது அதில் 18 அணிகள். 2024இல் முதல் பிரிவில் ஓடியவை 7. கோவன்ட்ரியின் பிராண்டன் திடலில் 2016க்குப் பின் லீக் ஆட்டமில்லை. ஸ்விண்டன் அணி 2019இல் சாம்பியன். அதன்பின் அது ஓடவே இல்லை. பீட்டர்பரோ 2021இல் சாம்பியன், 2023 முடிவில் திடல் போய்விட்டது. வுல்வர்ஹாம்டன் 2016இல் சாம்பியன், அதுவும் அதே 2023 முடிவில் நின்றது. தோற்றுப் போய் மூடிய அணிகள் அல்ல இவை. பட்டம் வென்ற அணிகள். நிற்க மண் இல்லாமல் போனவை.

காரணம் எளிது. பெரும்பாலான அணிகளுக்குச் சொந்தத் திடல் கிடையாது. நாய்ப் பந்தயத் திடலிலோ கண்காட்சித் திடலிலோ வாடகைக்கு ஓடுகிறார்கள். நிலத்தின் விலை ஏறும்போது, வீடு கட்டலாம், வேறு வியாபாரம் செய்யலாம் என்று உரிமையாளர் முடிவு செய்தால் அணிக்கு வாய் திறக்க உரிமையில்லை. பழைய அணி என்பதோ, தலைமுறையாக வரும் குடும்பங்கள் என்பதோ குத்தகைத் தாளில் எழுதியிருக்காது.

ரசிகர்கள் கூடிப் பேசும்போது வேறு குறைகளும் வரும். ஒருவர் அடிபட்டால் எதிரணிகளிலிருந்து ஒருவரை அன்றைக்கு மட்டும் 'கெஸ்ட்' என்று இறக்குவது, ஒரே வீரர் இரண்டு பிரிவுகளில் இரண்டு அணிகளுக்கு ஓடுவது, அணி வீரர்களின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டிய தொகைக்கு உச்சவரம்பு வைத்து வென்ற அணியை அடுத்த ஆண்டே பிரிக்க வைப்பது. இவை எனக்கும் வருத்தம்தான். போன வாரம் எதிரணியில் இருந்தவரை இந்த வாரம் நம்மவர் என்று கைதட்டச் சொன்னால் கை எழாது. ஆனால் இவை எல்லாமே வீரர்களும் பணமும் குறைந்ததால் வந்த ஒட்டுவேலைகள். போலந்தில் கூலி அதிகம், அங்கே கூட்டமும் அதிகம். வண்டியும் இன்ஜினும் சொந்தச் செலவில் வாங்கும் வீரர் எங்கே போவார்? விதியைத் திருத்துவதால் இது தீராது. பழகுவதற்குத் தடமில்லாத ஊரில் பதினாறு வயதுப் பையன் எங்கே சறுக்கக் கற்றுக்கொள்வான்?

பெரிய அரங்கங்கள் இதைத் தீர்க்கும் என்று நம்பியவர்களும் உண்டு. 1981இல் வெம்ப்லியில் நடந்த உலக இறுதிக்கு 90,000க்கும் மேல் கூட்டம். அமெரிக்கர் புரூஸ் பென்ஹால் வென்றார். அதுவே வெம்ப்லியில் கடைசி. 2001 முதல் கார்டிஃபில், கூரை மூடிய அரங்கில், ரக்பி ஆடும் தரைமேல் லாரி லாரியாக மண் கொட்டித் தற்காலிகத் தடம் போட்டு ஓட்டினார்கள். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் மறுநாளே அந்த மண்ணை அள்ளிவிடுவார்கள்.

நான் நம்பிக்கை வைப்பது மான்செஸ்டரில். 2016இல் கார்ட்டன் பகுதியில் திறந்த தேசிய ஸ்பீட்வே திடல் நகர மன்றத்தின் முயற்சியில் எழுந்தது. இந்த விளையாட்டுக்கென்றே கட்டியது, நாய்க்கென்று கட்டி நமக்கு ஒதுக்கியது அல்ல. அங்கேதான் 2021 அக்டோபரில் ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும் பிரிட்டனுக்கு நாடுகளின் உலகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்கள். 1989க்குப் பிறகு முதல்முறை. ஆக்ஸ்ஃபோர்டில் 2007இல் நின்றுபோன ஓட்டம் 2022இல் திரும்பி வந்தது. தடம் மீண்டால் மக்கள் வருகிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்த்தோம்.

துணைச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் ஓடும் ஒரு முறையை 'ஓட்டம்' என்றும், தடத்தை ஒருமுறை சுற்றி வருவதைச் 'சுற்று' என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. வளைவில் பக்கவாட்டில் வழுக்குவதற்குச் 'சறுக்கு' போதும். தரையைப் பேணுகிறவர்களுக்குத்தான் பொருத்தமான பெயர் இதுவரை அமையவில்லை. 'தடக்காரர்' என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். ஃபாக்ஸ்ஹாலில் ஒரு தடக்காரரைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். கூட்டம் வரும் முன்பே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுப்பார். உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். கட்டியாக நின்றால் தலையசைத்துவிட்டு நடப்பார். உதிர்ந்தால் தண்ணீர் வண்டியை நோக்கிக் கையைத் தூக்குவார்.