நுண்ணிய லேசரைக் கட்டுப்படுத்தும் கிராஃபீன் மின்னோட்டம்

வழக்கமான லேசரில், எதிரெதிரே நிற்கும் இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி முன்னும் பின்னும் ஓடிப் பெருகுகிறது. அந்த இடைவெளியை ஒளி அலைநீளத்தின் பாதிக்குக் கீழே சுருக்குவது இயலாது. இத்தடையைத் தாண்ட இயற்பியலாளர்கள் டேவிட் பெர்க்மனும் மார்க் ஸ்டாக்மனும் 2003-இல் ஒரு வழி சொன்னார்கள்: ஒளிக்குப் பதிலாக, உலோகப் பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டமாக அசைவதால் எழும் பிளாஸ்மான் அலையைப் பெருக்கலாம். 2009-இல், தங்க உள்ளகமும் சாயமேற்றிய சிலிக்கா மேலுறையும் கொண்ட 44 நானோமீட்டர் துகள் ஒன்றில் இது நடந்தேறியது.

இத்தகைய லேசரை விரும்பியபடி கூட்டவும் குறைக்கவும் செய்வதுதான் கடினம். அதற்குக் கார்பன் அணுக்களாலான மெல்லிய தாளான கிராஃபீன் உதவுகிறது. உலோகத் தளத்தின் மேல் மெல்லிய மின்கடத்தாப் படலம், அதன் மேல் ஓர் அணுத் தடிமனுள்ள கிராஃபீன், அதன் மேல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பி என்று அடுக்கினால், கம்பியின் இரு முனைகளும் கண்ணாடிகளாகச் செயல்பட, பிளாஸ்மான் அவற்றுக்கிடையே ஓடித் திரும்புகிறது.

கிராஃபீனில் மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்களை நிரப்பி, அது ஒளியை உட்கவர்வதைத் தடுப்பது பழகிய உத்தி. ஆனால் எலக்ட்ரான்கள் நிரம்பிய மட்டத்தின் ஆற்றலைப்போல் இருமடங்குக்குக் குறைவான ஆற்றலுள்ள ஒளிக்கே அது பலிக்கும். துத்தநாக ஆக்சைடு உமிழும் புற ஊதா ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட்; அவ்வளவுக்கு நிரப்புவது எளிதன்று. ஆகவே எலக்ட்ரான்களை நிரப்புவதைவிட ஓடவிடுவது இங்கே கூடுதல் பயன் தருவதாகத் தோன்றுகிறது.

ஓடும் ஊடகம் தன்னில் செல்லும் அலையையும் இழுக்கும்: ஓடும் நீரில் ஒளியின் வேகம் நீரோட்டத்தின் திசையைப் பொறுத்துச் சற்றே மாறுவதை 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ அளந்தார். செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் பொதுவாக விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை என்பதால், அங்கே இதுபோன்ற விளைவை எதிர்பார்க்க முடியாது. கிராஃபீனிலோ அவை விநாடிக்குப் பல லட்சம் மீட்டர் வேகத்தை எட்டுகின்றன. அதன் பிளாஸ்மான்களும் ஒளியைவிட மிக மெதுவாகச் செல்பவை. மின்னோட்டம் இந்தப் பிளாஸ்மான்களை இழுத்து அவற்றின் அலைநீளத்தை மாற்றுவதை 2021-இல் வெளியான ஆய்வுகள் நேரடியாகக் காட்டின.

லேசர் அடுக்கில் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு அலைகளும் ஒத்திருந்தால்தான் பெருக்கம் சீராக நடக்கும். மின்னோட்டம் அந்தச் சமநிலையைக் குலைக்கும்போது, லேசர் இயங்கத் தொடங்கத் தேவையான ஆற்றலும் வெளிவரும் ஒளியின் செறிவும் மாறுகின்றன. மின்னோட்டம் கூடவே வெப்பத்தையும் உண்டாக்கி, உமிழும் அலைநீளத்தை நகர்த்தும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஒரு திசையில் மட்டும் செல்லும் பிளாஸ்மானை அளந்தபடியே மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால், வெப்பத்தின் விளைவு அப்படியே இருக்கும். இழுப்பின் விளைவு தலைகீழாகிவிடும்.