பெருக்கும் முன்பே பிரிக்க வேண்டும்

சில ஸ்பீக்கர்களின் பின்புறம் இரண்டுக்குப் பதில் நான்கு இணைப்பு முனைகள் இருக்கும். மேல் இணையையும் கீழ் இணையையும் சிறு உலோகத் தகடுகள் சேர்த்திருக்கும். அவற்றைக் கழற்றினால் தாழ்ந்த ஒலி தரும் வூஃபருக்கு ஒன்று, கீச்சொலி தரும் ட்வீட்டருக்கு ஒன்று என இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைப் பூட்டலாம். கழற்ற மறந்தால் இரண்டின் வெளியீடுகளும் நேருக்கு நேர் மோதிப் பழுதாகக்கூடும்.

இப்படிப் பூட்டியதும் ஒலி இரட்டிப்பாகும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வாட் இரட்டித்தாலும் கூடுவது ஒலியளவின் அலகில் 3 டெசிபெல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். இங்கே அந்த மூன்றும்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் கிராஸ்ஓவர் என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. அதன் கம்பிச்சுருள் கீச்சொலியைத் தடுத்து மிருதங்கத்தின் தொப்பி ஒலியை வூஃபருக்கு அனுப்பும். மின்தேக்கி தாழ்ந்த ஒலியைத் தடுத்து ஜால்ராவின் கிணுகிணுப்பை ட்வீட்டருக்கு விடும். இந்தப் பங்கீடு ஆம்ப்ளிஃபயரைத் தாண்டிய பிறகே நடக்கிறது. ஆகவே இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் முழு இசையையும் பெருக்கியாக வேண்டும். மின்னோட்டச் சுமை பங்கிடப்படுகிறது. மின்னழுத்தச் சுமை அப்படியே நிற்கிறது.

இதைக் கணக்கில் பார்க்கலாம். தாழ்ந்த ஒலியின் உச்சம் 20 வோல்ட், உயர்ந்த ஒலியின் உச்சமும் 20 வோல்ட் என்று கொள்வோம். இரண்டும் ஒரே கணத்தில் சேரும்போது 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 40 வோல்ட் உச்சத்துக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் தேவை; 20 வோல்ட்டுக்கோ 25 வாட் போதும். அதாவது ஒலியை முன்கூட்டியே பிரித்துவிட்டால், 100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்யும் வேலையை 25 வாட் ஆம்ப்ளிஃபயர் இரண்டு செய்துவிடும்!

அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவரை விலக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒன்றை வைக்க வேண்டும் என்கிறேன். வூஃபரின் ஆம்ப்ளிஃபயர் எல்லை மீறிச் சிதைந்தாலும் அந்தச் சிதைவு ட்வீட்டரைத் தொடாது. இடையில் கம்பிச்சுருளின் மின்தடை இல்லாததால் வூஃபரின் கூம்பு ஆம்ப்ளிஃபயரின் பிடியில் இறுக்கமாக நிற்கும்.

பிரித்த ஒலி மீண்டும் காற்றில் பிசிறின்றிச் சேர வேண்டுமே? ஹியூலெட்-பேக்கர்ட் பொறியாளர்களான சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்கிய கிராஸ்ஓவர் வடிவம் 1976இல் வெளியானது. பிரியும் அதிர்வெண்ணில் இரு பக்கமும் 6 டெசிபெல் தாழும். இரு ஒலியலைகளும் ஒரே கட்டத்தில், அதாவது ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிச் சேரும்போது அந்தக் குறை சரியாக நிரம்பிவிடும். இன்றும் பெரிதும் பயன்படும் வடிவம் இது.

வூஃபரும் ட்வீட்டரும் ஒத்த அளவில் ஒலிக்கும்படி இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் பெருக்கத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் குரலின் நிறமே மாறும். ட்வீட்டருக்குத் தொடராக ஒரு மின்தேக்கியையும் விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால், சுவிட்ச் போடும்போது எழும் ஒரு தடால் ஒலியே ட்வீட்டரின் மெல்லிய சுருளை எரித்துவிடலாம்.