கல்லில் பதிந்த சிங்கி இறாலுக்கு யார் பெயர் வைப்பது?

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில், கொடுக்கு பதிந்த ஒரு கல்லைப் பார்த்தேன். ஒருவர் சிங்கி இறால் என்றார், இன்னொருவர் நண்டு என்றார். ஒரு துண்டை வைத்துக்கொண்டு, இது அழிந்துபோன இன்ன உயிரினம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போய்க் கொள்ளிடம் தாண்டி, திருமானூரையும் கடந்தால், கொஞ்ச தூரத்தில் வண்டல் மண் முடிந்துவிடும். அப்புறம் காலடியில் இருப்பது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளிலிருந்து 6.6 கோடி ஆண்டுகள் வரை பழமையான கிரெட்டேசியஸ் காலக் கடலடி. நம் நெல்வயல்களுக்குக் கீழேயும் அதே காலப் பாறைகள் ஆழத்தில் கிடக்கின்றன. சேற்றில் புதைந்த ஓடு கல்லாகும் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நேராகக் கொடுக்குக்கு வருவோம்.

நாகப்பட்டினத்தில் ஏலம் போகும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கே கிடையாது. தடித்த முள்மீசைதான் அதன் ஆயுதம். ஆகவே கல்லில் பெரிய கொடுக்கு இருந்தால், அது நண்டாகவோ, வளை தோண்டும் இறால் வகையாகவோ, வட அட்லாண்டிக்கில் பிடிபடும் கொடுக்கு லாப்ஸ்டரின் உறவாகவோ இருக்கலாம். ஓட்டிலேயே சுண்ணாம்பு அதிகம் ஏறிய பகுதி கொடுக்கு. அதனால்தான் மற்றதெல்லாம் சிதைந்த பிறகும் அது மிஞ்சுகிறது.

ஆனால் கொடுக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். லாப்ஸ்டரின் ஒரு கொடுக்கு சிப்பியை நொறுக்கும் தடித்த கொடுக்கு. மற்றொன்று வெட்டும் மெலிந்த கொடுக்கு. தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டு விலங்குகள் போலத் தெரியும். வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப அளவும் வடிவமும் வேறு மாறும்.

முதுகைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை சிங்கி இறால் வாங்கினால், கழுவுவதற்கு முன் முதுகோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, குறுக்காக ஒரு பள்ளம் வளைந்து ஓடும். ஓட்டை உரித்து உள்பக்கம் பார்த்தால் அதே பள்ளம் மேடாக இருக்கும். நமக்கு எலும்பு உள்ளே. இறாலுக்கு ஓடுதான் எலும்பு. தசை பிடித்துக்கொள்ள உள்ளே வேறு இடம் இல்லை. தாடையை அசைக்கும் தசைகள் அந்தப் பள்ளங்களை ஒட்டிய புடைப்புகளின் உள்பக்கத்தில்தான் வேர்விடுகின்றன. அதாவது முதுகில் தெரியும் பள்ளமும் புடைப்பும் வெறும் அலங்காரம் இல்லை. வயிறு எங்கே, செவுள் அறை எங்கே தொடங்குகிறது, தாடையை எந்தத் தசை எங்கிருந்து இழுக்கிறது என்பதன் வரைபடம் அது. சதை சில நாளில் அழுகிவிட்டது. வரைபடம் பத்துக் கோடி ஆண்டாக இருக்கிறது! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை.

குடும்பத்துக்குக் குடும்பம் இந்த வரைபடம் மாறுகிறது. எரிமிட் என்ற அழிந்துபோன லாப்ஸ்டர் குடும்பத்துக்கு முதுகில் மூன்று குறுக்குப் பள்ளங்கள். கூடவே முன்பக்கம், நடுக்கோட்டில், நூல் நூற்கும் கதிர் வடிவத்தில் ஒரு சிறு தனித்தகடு. கொடுக்கு லாப்ஸ்டர் குடும்பத்தில் அந்தத் தகடு இல்லை. முன்பள்ளம் பக்கவாட்டில் குறுகிப்போய், அதற்குப் பின்னால் உள்ள பள்ளம் மேலேறி ஆதிக்கம் செலுத்தும். முதுகோட்டில் கட்டைவிரல் அகலத் துண்டு சரியான இடத்திலிருந்து கிடைத்தாலே குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: கல்லில் இருப்பது செத்த உடலா, கழற்றிப் போட்ட ஓடா? வரப்போரம் நண்டு விட்டுப்போன ஓட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். லாப்ஸ்டர் ஓடு மாற்றும்போது முதுகோடு பின்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், நடுக்கோட்டில் மடங்கும். புதைபடிவத்திலும் முதுகோடு அப்படி விரிந்து விலகிக் கிடந்தால் அது கழற்றிய ஓடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே விலங்கு வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுப்போகும். சிறியதும் பெரியதும் தனித்தனிச் சிற்றினம் என்று எண்ணிவிடக் கூடாது.

இத்தனை பார்த்தும் தவறு நடக்கிறது. அண்டார்டிகாவுக்குப் போன ஒரு பயணத்தில் ஓவியர் ஸ்டோக்ஸ் சேகரித்து வந்த லாப்ஸ்டர் புதைபடிவத்துக்கு, 1903-இல் வெல்லர் என்ற ஆய்வாளர் 'கிளைஃபியா ஸ்டோக்ஸி' என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை ஹோப்லோபாரியா என்ற வேறு பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் வேறொரு தொகுதிக்கு, மாற்றினார்கள். இன்று 'ஹோப்லோபாரியா ஸ்டோக்ஸி (வெல்லர், 1903)' என்று எழுதுகிறோம். பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், அந்த உயிரினம் பேரினம் மாறிவிட்டது என்று பொருள். அந்த ஹோப்லோபாரியாவையே 2003-இல் ஷூடி, சோர்ஹன்னஸ் என்ற ஆய்வாளர்கள், வகை தெரியாததையெல்லாம் போட்டுவைத்த குப்பைக்கூடைப் பேரினம் என்று எழுதினார்கள்.

வெல்லர் முதலில் வைத்த கிளைஃபியாவின் கூட்டமே அழிந்துவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 1908-இல் பிலிப்பைன்ஸ் கடலில் பிடிபட்ட ஒரு விலங்கு அருங்காட்சியக ஜாடியில் கிடந்தது. 1975-இல் இரண்டு ஆய்வாளர்கள் அதைச் சரியாகப் படித்த பிறகுதான், அந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. அறுபத்தேழு வருடம் அந்த ஜாடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். 1840-களில் நம் மாவட்டங்களில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன. இன்று கிடைப்பவை எங்கே போகின்றன? ஒவ்வொரு சுரங்கத்திலும், கல் அரவைக்குப் போகும் முன் பார்க்க, படித்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? பெரிய ராக்கெட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் துளி போதும். உருண்டைக் கல் கிடைத்தாலே டைனோசர் முட்டை என்று கூட்டம் கூடுவதும், பொட்டு வைத்துக் கும்பிடுவதும், சொல்லித்தர ஆள் இல்லாததால் நடப்பவை. அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, மாணவருக்கு. கல்லை உடைக்க வேண்டாம், ஆசிட் ஊற்ற வேண்டாம். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். எந்தக் குழி, எந்த அடுக்கு என்று குறியுங்கள். பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறைக்குச் சொல்லுங்கள். அந்தக் கல் பிளந்து கிடந்திருந்தால் மறுபாதியையும் தேடுங்கள். நீங்கள் பார்த்ததில் கொடுக்கு இருக்கிறது. முதுகுப் பள்ளம் மறுபாதியில் மேடாகப் பதிந்திருக்கலாம்.